மணல் கேட்ட சில்லு

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ஏ14 வீதி இன்றைக்குக் காபெட் வீதி. பேசாலை தாண்டியதும் ஓட்டோவுக்கு இறக்கை முளைத்துவிடும். ஆனால் தலைமன்னார்ப் பியருக்குக் (இறங்குதுறைக்குக்) கிட்ட, வெளிச்சவீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று தாரை விட்டுப் பத்து யார் இறக்கினால் கதை மாறும். முன்சில்லு மணலில் மூக்கைக் குத்தும். பின்சில்லுகள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். பஜாஜ் ஓட்டோவின் ரிம் 8 அங்குலம். ரயரோடு சேர்த்தாலும் முழங்கால் உயரம் வராது. ஏறியவர்கள் எல்லாரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித் தாரில் வைத்த பிறகுதான் மறுபேச்சு.

அதே வீதியின் மறு அந்தத்தில், மன்னார்ப் பட்டினத்து ரயர் கடைகளில் வேறொரு பேச்சு நடக்கும். புதிதாகக் கார் வாங்கிய பெடியன் ஒருவன், கண்ணாடிக்குள் மினுங்கும் அலோய் சில்லுகளைக் காட்டி, “அண்ணன், இந்தப் பதினாலைக் கழட்டிப்போட்டுப் பதினைஞ்சு போட்டா காரு கொஞ்சம் எழும்புமா?” என்பான். கடைக்காரர் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். விற்பது அவர் தொழில்.

தமிழ்நாட்டில் சக்கரம் என்பது ஈழத்தில் சில்லு. அந்தச் சில்லு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற கேள்வி இந்தத் தீவுக்குப் புதிதில்லை. அலோய் வருவதற்கு முன்பே, கார் வருவதற்கும் முன்பே, வண்டில்காரரும் தச்சரும் ரெயில்வே எஞ்சினியர்மாரும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். கேள்வியைக் கேட்டது மணல்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர். தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நாக்கை நீட்டியதுபோல் கடலுக்குள் கிடக்கிறது. அந்த நாக்கின் நுனி தலைமன்னார். அதற்கப்பால் மணல்திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனுஷ்கோடியை நோக்கிப் போகின்றன; ஒருவருக்கு அது இராமர் அணை, இன்னொருவருக்கு ஆதாம் பாலம். சோளகம் வீசும் மாதங்களில் தென்கரை மணல் எழும்பி வீதியிலே வந்து படுக்கும். வாடைக்கு வடகரையின் முறை. பனையும் தாழையும் பிடித்துவைத்த இடம் தவிர, நிலம் ஓரிடத்தில் நிற்பதில்லை.

இப்படிப்பட்ட நிலத்தில் சில்லு ஓட்டுவதென்றால் முதலில் அது பெரிதாக இருக்கவேண்டும். பழைய வண்டில் சில்லு நாலரை அடி, ஐந்து அடி உயரம். நடுவில் குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்பு வளையம், எல்லாவற்றையும் அச்சில் நிறுத்தக் கடையாணி. இந்த உயரம் பகட்டுக்காக வந்ததில்லை. 30 சென்ரிமீற்றர் நீளக் குழி ஒன்றின்மேல் ஐந்தடிச் சில்லு உருண்டால் அது கீழே இறங்குவது ஒன்றரை சென்ரிமீற்றர்தான். இன்றைய சிறிய காரின் சில்லு அதே குழியில் நாலு சென்ரிமீற்றர் இறங்கும். மணலிலும் அப்படியே. சில்லு புதையும்போது அதன் முன்னால் மணல் குவிந்து நிற்கும். பெரிய சில்லுக்கு அந்தக் குவியல் ஒரு சரிவு, சின்னச் சில்லுக்கு அது சுவர். சுவரை ஏறும் பலம் ஒற்றை மாட்டுக்கு இல்லை.

இரும்பு வளையம் ஏற்றுவதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கொல்லர் வளையத்தை வட்டையின் சுற்றளவைவிட ஓரங்குலம் குறைவாகவே அடித்து வைத்திருப்பார். சில்லை நிலத்தில் கிடத்திவிட்டு, வளையத்தைச் சுற்றிப் பொச்சுமட்டையும் வறட்டியும் அடுக்கித் தீ மூட்டுவார். ஐந்தடிச் சில்லின் சுற்றளவு பதினைந்தடிக்கு மேல். இரும்பை 500 பாகை வரை சூடேற்றினால் அந்த நீளத்துக்கு அது ஓரங்குலத்துக்குச் சற்று மேலே விரியும். குறைத்து அடித்த ஓரங்குலத்துக்குக் கணக்குச் சரி. சூடேறிய வளையத்தை நாலு பேர் குறடால் பிடித்துத் தூக்கி வட்டையில் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பற்றும் நொடியில் வாளி வாளியாகத் தண்ணீர். வளையம் சுருங்கி இறுக, ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் போய் உட்காரும் ‘டக், டக்’ சத்தம் கேட்கும். ஆணி தேவையில்லை, பசை தேவையில்லை. விரிவுக் குணகம் என்ற சொல்லைக் கொல்லர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஓரங்குலம் அவருக்குத் தெரியும்.

குறை இல்லாமலில்லை. உயரம் போதும், அகலம் போதாது. ஒன்றரை இரண்டு அங்குல அகல இரும்பு மணலைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அதனால்தான் இந்தத் தீவின் பழைய சுமைகாரன் சில்லே இல்லாத கழுதை. அரபு வணிகரோடு வந்தவை என்று ஊரில் சொல்லும் கழுதைகள் இன்றும் மன்னார்ப் பட்டினத்தில் பஸ் தரிப்பிடத்தின் நிழலில் கூட்டமாக நிற்கின்றன. வேலை போய்விட்டது, ஊரை விட்டுப் போகவில்லை.

கழுதைக்கும் கீழே ஒரு பயணம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலர் இந்தக் கரையில் வள்ளத்தில் வந்து இறங்கி, இங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் பறித்த கோப்பி மலையிலிருந்து கொழும்புக்கு மாட்டு வண்டிலில் போனது. பிறகு, 1867இல் கண்டிக்குத் தண்டவாளம் போனதும், கோச்சியில் போனது. கோப்பிக்குக் கிடைத்த சில்லு, பறித்தவருக்குக் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அது கிடைத்தபோது மணலின் கேள்விக்கும் வேறு விதமாகப் பதில் கிடைத்தது. சில்லைப் பெருக்கவேண்டாம், சில்லுக்குக் கீழே இரும்பைப் போட்டுவிடு என்பதே ரெயில்வேயின் விடை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீற்றர் தண்டவாளம் விழுந்தது. 1914 பெப்ரவரி 24இல் அக்கரையில் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னார் பியருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் ஒரே ரிக்கற்றில் கொழும்புக் கோட்டையில் இறங்கமுடிந்தது.

ஆனால் அக்கரைச் சில்லும் இக்கரைச் சில்லும் ஒன்றல்ல. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் கோச்சியை ஓட்டிய இலங்கை ரெயில்வே, அகலப் பாதையைத் தெரிந்தெடுத்திருந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீற்றர். தென்னிந்திய ரெயில்வே தனுஷ்கோடிக்குக் கொண்டுவந்தது மீற்றர் பாதை; இடைவெளி 1,000 மில்லிமீற்றர். மணல்திட்டுகளின் மேலாகப் பாலம் போடும் யோசனையும் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. போட்டிருந்தாலும் ஒரு பெட்டிகூட நேராக உருண்டு வந்திருக்கமுடியாது. கடல் பிரித்தது ஒருபுறமிருக்க, 676 மில்லிமீற்றரும் பிரித்தது. கப்பலை விட்டிறங்கிப் பியரில் நின்ற பெட்டிக்குள் ஏறிய பயணிக்கு முழங்கை நீட்ட இடம் கிடைத்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

பிற்கதை விசித்திரம். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு பயணிகள் இரெயிலையும் கடல் கொண்டுபோனது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடு மாற்றப்பட்ட மலையகத் தமிழர்கள் ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறியது இந்தப் பியரில்தான். எண்பதுகளில் கப்பல் நின்றது. 1990இல் போரால் கோச்சியும் நின்றது. 2007இல் பாம்பன் பாதை அகலப் பாதையாக மாறியது. 2015 மார்ச் 14இல் தலைமன்னார்ப் பாதை மறுபடி திறந்தபோது, இரண்டு கரையிலும் வரலாற்றில் முதல்முறையாக ஒரே அளவு: 1,676. இப்போது கப்பல் இல்லை.

இனிக் காருக்கு வருவோம். ஆரம்பகாலக் கார்கள் வண்டிலின் பிள்ளைகள். 1908இலிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளாக உலகமெங்கும் போன ஃபோர்ட் மொடல் டீயை எடுத்துக்கொள்ளலாம். அதன் பின்சில்லில் ‘30 × 3½’ என்று போட்டிருக்கும். ரயரோடு சேர்த்து மொத்த உயரம் 30 அங்குலம், ரப்பரின் தடிப்பு மூன்றரை. ரப்பர் மேலும் கீழும் ஏழு அங்குலத்தை எடுத்துக்கொள்ள, ரிம் 23. ஆரக்கால்கள் மரம். காரின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே பத்து அங்குலம். காற்றோ கல்லுப்போல் 55, 60 இறாத்தல். கிரவல் வீதிக்கும் வண்டில் தடத்துக்கும் அது தோதானது. மணலில் அதுவும் வண்டில் சில்லைப்போல் வெட்டிக்கொண்டே போகும்.

1923இல் ஃபயர்ஸ்டோன் பலூன் ரயரைக் கொண்டுவந்தது. தடித்த, மெத்தென்ற, காற்று பாதியாகக் குறைந்த ரயர். மொடல் டீ தன் கடைசி ஆண்டுகளில் இதை ஏற்றது: 4.40-21. கணக்குப் பார்த்தால் சுவையாக இருக்கும். ரிம் 23இலிருந்து 21ஆகக் குறைந்தது, ரப்பர் மூன்றரையிலிருந்து ஏறக்குறைய நாலரைக்குப் பெருத்தது, மொத்த உயரம் 29.8 அங்குலம். வெளியே நின்று பார்ப்பவருக்குச் சில்லின் உயரம் மாறவேயில்லை. உள்ளே இரும்பின் இடத்தை ரப்பரும் காற்றும் பிடித்துக்கொண்டன. கார் ஓடியவர்களின் இடுப்புக்கு இதைவிட நல்லது வேறெதுவும் நடந்ததில்லை.

மணலிலும் இதன் பலன் தெரிந்தது. எகிப்திலும் லிபியாவிலும் 1920களின் கடைசியில் ஃபோர்ட் கார்களோடு பாலைவனத்துக்குள் புகுந்த ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ரயரின் காற்றை இறக்கிவிட்டால் மணல் தாங்கும் என்று செய்து காட்டினார். புதைந்தால் சில்லுக்கடியில் கொடுக்கத் தகரப் பாளங்களையும் கூடவே கொண்டுபோனார். மணல் எப்படிப் பறக்கிறது, எப்படிக் குவிகிறது என்று அவர் 1941இல் எழுதிய நூல் இன்றும் பாடநூல். தலைமன்னார்க் கரையில் சோளகம் செய்வதெல்லாம் அதில் இருக்கிறது, ஊர்ப்பெயர்தான் இல்லை.

அதன் பிறகு ரிம் படியிறங்கத் தொடங்கியது. ஃபோர்டில் மட்டும் பார்த்தாலே போதும்: 1928இல் 21 அங்குலம், 1930இல் 19, 1932இல் 18, 1933இல் 17, 1935இல் 16. தார் வீதிகள் நீண்டன, குழிகள் குறைந்தன, காரின் வயிறு நிலத்துக்குக் கிட்ட வந்தது. இரண்டாம் உலகப்போரில் வந்த ஜீப்பின் அளவு 6.00-16. போருக்குப் பின் வந்த லாண்ட் ரோவருக்கும் முதலில் அதே 6.00-16. இரண்டுக்கும் மொத்த உயரம் 28 அங்குலத்துக்குக் கிட்ட. வடக்கில் காடு, குளம், கடற்கரை என்று அரசாங்க வேலைக்குப் போன வண்டிகள் ஒரு தலைமுறைக்கு இந்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை.

தனியார் கார்கள் இறங்கின. இறக்கியவர் ஒரே மனிதர், அலெக் இசிகோனிஸ். 1948இல் அவர் வரைந்த மொரிஸ் மைனர் 14 அங்குலச் சில்லோடு வந்தது. அக்காலத்துக்கு அது பொம்மைச் சில்லு. 1959இல் அவரே மினியை 10 அங்குலத்தில் நிறுத்தினார். டன்லப் அதற்கென்றே ரயர் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. சில்லு சிறுத்தால் சில்லுக்கூடு சிறுக்கும், உள்ளே ஆளுக்கு இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. லண்டன் தெருவுக்கு அது சரியான கணக்கு. மன்னாருக்கு மொரிஸ் மைனரே எல்லைக்கோடு.

அந்த மைனரை இலங்கை விட்ட பாடில்லை. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் கார் வராமல் போக, இருந்ததையே தட்டிக்கொட்டி ஓட்டும் கை நாடெங்கும் வளர்ந்தது. தொண்ணூறுகளில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் அடித்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பினார்கள் என்றால் அந்தக் கை எவ்வளவு தேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள், ஒஸ்டின்களும் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்களும் பெற்றோலைச் சொட்டுக் கணக்கில் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடின. சில்லின் அளவைத் தெரிந்தெடுக்கும் பாக்கியம் அங்கே யாருக்கும் இல்லை. கிடைத்த ரயர்தான் அளவு. ரப்பர் விளையும் நாட்டின் நிலை இது. 1876இல் லண்டனின் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் ஹெனரத்கொடவில் நட்டு வளர்ந்த நாடு. அறுபதுகளில் சோவியத் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலை கண்ட நாடு.

மன்னாருக்கு 1990 வேறு விதமாக வந்தது. தீவையும் பெருநிலத்தையும் சேர்த்த பாலம் போரில் தகர்ந்தது. அந்த ஆண்டு ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். வீட்டோடு, கடையோடு, வாசலில் நின்ற சைக்கிளும் வண்டியும் அப்படியே நின்றன. ஜப்பானிய உதவியில் கட்டிய புதுப் பாலம் 2010இல் திறக்கும்வரை, சில்லில் ஏறித் தீவுக்கு வருவதே ஒரு வேண்டுதலாக இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே பெரிய சில்லு ஒன்று சத்தமில்லாமல் திரும்பி வந்திருந்தது: உழவு இயந்திரம். 1964இல் வந்த மெசி ஃபேர்கசன் 135இன் பின்ரிம் 28 அங்குலம், 12.4-28 ரயர் பூட்டினால் மொத்த உயரம் நாலடிக்குச் சற்று மேலே. கொல்லர் வளையம் ஏற்றிய வண்டில் சில்லின் உயரத்துக்கு ஒரு சாண் குறைவு. வண்டிலுக்கு இல்லாத அகலமும் அதற்கு இருந்தது, ஓரடிக்கு மேல். உயரமும் அகலமும் ஒன்றாகக் கிடைத்த முதற்சில்லு இதுதான். வயலுக்கு என்று வந்ததைக் கடற்கரை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு மன்னார்க் கரையில் படகை மேலேற்றுவது, ஐஸ்பெட்டி இழுப்பது எல்லாம் அதுதான். வின்ச் பூட்டிக் கரைவலையும் இழுத்தது. அம்பாப் பாட்டோடு முப்பது பேர் இழுத்த வலையை இரண்டு இயந்திரம் இழுத்தால் மீதிப் பேர் எங்கே போவது என்ற சண்டையும் அதோடு சேர்ந்தே வந்தது.

பெடியனின் கேள்வி இன்னும் ரயர் கடையில் நிற்கிறது. அவனுடைய கார் சுசுக்கி வகன் ஆர் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அதில்தான் படும். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கும்வரை, புதுக் கார் வாங்கும் ஆசை பலருக்கு இருக்கும் காரை அலங்கரிக்கும் ஆசையாக மாறியிருந்தது. அலங்காரத்தில் முதலிடம் சில்லுக்கு.

அவனுடைய ரயரின் பக்கவாட்டில் 155/65 ஆர்14 என்று இருக்கும். 155 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு, அதாவது ரப்பர்ச் சுவரின் உயரம்: 100.75 மில்லிமீற்றர். 14 ரிம், அங்குலத்தில். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே 355.6 மில்லிமீற்றர் ரிம், கூட்டினால் 557.1. அதே வகன் ஆரின் அண்ணனான ஸ்டிங்ரேக்குக் கொம்பனியே 15 பூட்டி அனுப்புகிறது: 165/55 ஆர்15. சுவர் 90.75, ரிம் 381, மொத்தம் 562.5.

ரிம் ஓரங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர் வளர்ந்தது. சில்லு வளர்ந்ததோ 5.4. அச்சு அதில் பாதிதானே எழும்பும்: 2.7 மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. மீதியெல்லாம் ரப்பரிலிருந்து பிடுங்கி உலோகத்துக்குக் கொடுத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஃபோர்ட் செய்ததை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு மொத்த உயரத்தை மாற்றாமல் இரும்பைக் குறைத்து ரப்பரைக் கூட்டினார்கள். இன்றைக்கு மொத்த உயரத்தை மாற்றாமல் ரப்பரைக் குறைத்து அலோயைக் கூட்டுகிறார்கள்.

காரணமில்லாமல் இது நடக்கவில்லை. எழுபதுகளில் பிரெல்லி பி7 போன்ற தாழ்சுவர் ரயர்கள் வந்தபோது அவை வேகக் கார்களுக்கானவை. சுவர் குட்டையானால் வளைவில் ரயர் நெளியாது, ஸ்டியரிங் சொன்னவுடன் கேட்கும். ரிம் பெருத்தால் உள்ளே பெரிய பிரேக் வைக்கலாம். நூற்றைம்பதில் வளைவெடுக்கும் காருக்கு இது உயிர்காப்பு. 660 சீசீ எஞ்சினோடு பேசாலைச் சந்தையில் கருவாடு வாங்கப் போகும் காருக்கு இது தோடும் மூக்குத்தியும். தோடு போடுவதில் பிழையில்லை. காது கேட்கும் என்று நினைத்துப் போடுவதில்தான் பிழை.

உண்மையாகவே கார் எழும்பவேண்டுமென்றால் சுவரைக் குறைக்காமல் ரிம்மைக் கூட்டவேண்டும். 165/65 ஆர்15 போட்டால் மொத்தம் 595.5, அச்சு 19 மில்லிமீற்றர் எழும்பும். ஆனால் நூற்றுக்கு ஏழு பங்கு பெரிதான சில்லு, திருப்பும்போது சில்லுக்கூட்டின் உள்ளே உரசக்கூடும். சின்ன எஞ்சின் இழுக்கத் திணறும். மீற்றர் 60 காட்டும்போது கார் 64இல் போய்க்கொண்டிருக்கும். பொலிஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

காபெட் வீதியில் இதெல்லாம் வெறும் பேச்சு. வீதி முடிகிற இடத்தில்தான் கணக்குக்கு வேலை. ஆட்களோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் கிலோ வரும் காரில் ஒரு சில்லின் மேல் 260 கிலோ நிற்கிறது என்று கொள்வோம். ரயரில் 33 இறாத்தல் காற்று இருந்தால் நிலத்தில் படும் ரப்பர் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. காற்றை 15க்கு இறக்கினால் இரண்டு உள்ளங்கை. மணல் இரண்டு உள்ளங்கையைத் தாங்கும், ஒன்றைத் தாங்காது. ஆனால் அப்படி இறக்க வேண்டுமென்றால் நெளிந்துகொடுக்க ரயருக்குச் சுவர் வேண்டும். குட்டைச் சுவர் ரயரில் காற்றை இறக்கினால் ரிம்மின் விளிம்பு நிலத்தைத் தொட்டுவிடும். கல்லொன்று அகப்பட்டால் அலோய் வெடிக்கும். கூடவே கடற்காற்றின் உப்பு. ரப்பரும் அலோயும் சேரும் விளிம்பில் அது வெள்ளைப் பொடியாய்ப் பூத்து, ஒட்டுமில்லை ஓட்டையுமில்லை, ஆனாலும் காலையில் எழும்பிப் பார்த்தால் ரயர் படுத்திருக்கும். ரயர் கடைக்காரர் விளிம்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் தருவார். அடுத்த சோளகத்துக்கு மறுபடி வரவேண்டும்.

தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் முப்பது காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஒவ்வொன்றின் சுழல்வட்டமும் 126 மீற்றர். மன்னாரில் இதுவரை பூட்டிய சில்லுகளில் பெரியவை அவைதாம், நிலத்தில் உருளவில்லையே தவிர. வேடிக்கை, அந்த இறகுகள் வந்ததென்னவோ ஆளுயரம்கூட வராத சில்லுகளில். தாழ்ந்த வண்டி, வரிசை வரிசையாகச் சின்னச் சில்லு. பாரத்தைப் பகிர ஒரு சில்லைப் பெருக்கலாம், அல்லது பல சில்லுகளைச் சேர்க்கலாம். ஓட்டோவுக்கு மூன்றுதான்.

பியரடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வந்து நிற்கும். ஸ்டிங்ரேக்காரர் மணலுக்குள் இறக்கி, புதைந்து, அக்சிலேற்றரை மிதித்து இன்னும் புதைத்து, அலோயின் நடுவரை போன பிறகு இறங்கிப் பார்ப்பார். கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் கிழவர் எழும்பி வந்து, மிதிக்கவேண்டாம் என்று கைகாட்டுவார். ஈர்க்கு ஒன்றை முறித்து வால்வின் நடுவே அழுத்துவார். உஸ்ஸென்று காற்று போகும். ரயர் மெல்ல வயிறு தள்ளும். குட்டைச் சுவர் என்பதால் கொஞ்சம் போதும் என்று பாதியில் நிறுத்திக்கொள்வார். அது போதவில்லையென்றால், அந்தப் பக்கம் படகேற்றி விட்டு வரும் உழவு இயந்திரத்துக்கு விசில் அடிப்பார். நைலோன் கயிறு காரின் முன்கொக்கியில் விழும். நாலடிச் சில்லு அரைச்சுற்றுச் சுற்றும்போதே கார் தாரில் நிற்கும்.

பிறகு காற்றடிக்கப் பேசாலைக்குத்தான் போகவேண்டும். மெதுவாய்.